நிலை: சரியாகிவிட்டது

அவருக்கு 'எப்படி' என்ற பட்டப்பெயரை வைத்தது ஞாயிற்றுக்கிழமை வேதபாட வகுப்பு. கடல் இரண்டாகப் பிளந்து ஜனங்கள் நடந்து போனார்கள் என்று பாடம் நடந்தால், "அது எப்படிங்க? அடியில சேறு கிடந்திருக்குமே, கால் புதையாதா?" என்று கேட்பார். ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேர் சாப்பிட்டார்கள் என்றால், "எப்படிங்க? பிட்டுக் கொடுக்கும்போதே வளர்ந்துச்சா, இல்ல கையில வாங்கின பிறகு வளர்ந்துச்சா?" என்பார். கேலி பண்ணுகிறவர் இல்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரிந்தாக வேண்டும். பாடம் எடுக்கிறவர்தான் பாவம், கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொள்வார். நாளடைவில் பெயர் ஒட்டிக்கொண்டது. "எப்படி இன்னைக்கு வந்தாரு?" என்று ஒருவர் கேட்க, "வழக்கம்போல பஸ்லதான்" என்று இன்னொருவர் சொல்வார். இருபது வருடப் பழைய ஜோக். இன்னும் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

தொழில் லிஃப்ட் மெக்கானிக். "பாஸ்டர் ஆளுங்களை மேல அனுப்புறதோட சரி, நான் பத்திரமா கீழயும் கொண்டு வந்து விடணும்" என்று அவரே தன் வேலையைப் பற்றிச் சொல்வார். நடுவழியில் லிஃப்ட் நின்றுபோய் உள்ளே நாலு பேர் மாட்டிக்கொண்டால் இவருக்குத்தான் போன் வரும். கையெல்லாம் கிரீஸோடு கதவை நெம்பித் திறப்பார். உள்ளே இருப்பவர்கள் கண்ணீர் மல்க, "ஆண்டவர்தான் காப்பாத்தினார்" என்று சொல்லிக்கொண்டு அவரைத் தாண்டிப் போவார்கள். வாசலில் ஒரு மனிதன் வேர்த்து விறுவிறுத்து நிற்பது கண்ணில் படாது. இந்த மனத்தாங்கல் அவருக்கு நெடுநாளாக உண்டு.

நம்பிக்கை இல்லாதவர் என்று அவரைத் தள்ளிவிடவும் முடியாது. ஞாயிறு தவறாமல் சபைக்கு வருவார். கடைசி பெஞ்சில், கதவு ஓரம் உட்காருவார். எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது இவர் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு மேலே மின்விசிறி ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிரேக் பிடிக்கும் என்று நம்பி அவர் ஒருவரையும் லிஃப்டில் ஏற்றியதில்லை. எடைக்கல் ஏற்றி, ஓட்டி, நிறுத்தி, பிடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஆள் ஏற்றுவார். ஜெபத்தை அப்படிப் பார்க்க வழியில்லை. கேட்டது கிடைத்தால் ஆண்டவர் கொடுத்தார், கிடைக்காவிட்டால் அவர் சித்தம் வேறு என்கிறார்கள். எந்தப் பக்கம் போனாலும் பாஸ் என்றால் அது என்ன பரீட்சை என்பது அவர் கட்சி.

மனைவி நேரெதிர். சபையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் ஜெபச் சீட்டு எழுதி வாசல் பெட்டியில் போடுவது அவள்தான். வேலை பஸ் நிலையத்தில். கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால் உட்கார்ந்து எந்த பஸ் எந்த மேடையில் நிற்கிறது என்று அறிவிக்கிற வேலை. பத்தொன்பது வருடமாக ஊர் முழுக்க அந்தக் குரலைக் கேட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறது. தெளிந்த, நிதானமான குரல். பஸ் நாற்பது நிமிடம் தாமதம் என்று அவள் சொன்னால் அதுகூட நியாயம்தான் என்று தோன்றிவிடும். அவரே அந்தக் குரலைக் கேட்டு மயங்கி, தேவையே இல்லாமல் மூன்று மாதம் பஸ் நிலையத்துக்குப் போய் நின்று கல்யாணம் பண்ணிக்கொண்டவர்தான். இதில் மட்டும் அவர் எப்படி என்று கேட்டதில்லை.

அந்தக் குரல் கம்ம ஆரம்பித்தது. முதலில் சளி என்றார்கள், பிறகு ஒவ்வாமை என்றார்கள். கடைசியில் டாக்டர் ஒரு குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் கட்டி என்றார். கெட்ட கட்டி இல்லை, ஆனால் எடுத்தாக வேண்டும்.

"எடுத்தா பழைய குரல் வந்துடுமா?" என்று இவர் கேட்டார்.

"பத்துல ஏழு பேருக்கு வந்துடும்."

"மீதி மூணு பேருக்கு?"

"வேற மாதிரி வரும். ஒண்ணு ரெண்டு பேருக்குக் காத்துதான் வரும், சத்தம் வராது."

அதற்கு மேல் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கேட்காமல் எழுந்து வந்த முதல் இடம் அதுதான். ஆபரேஷன் அடுத்த வாரம் வியாழன் என்று நாள் குறித்தார்கள். அதுவரை பேச்சைக் குறைக்கச் சொன்னார்கள். மனைவி கையில் ஒரு சின்ன நோட்டு ஏறியது.

அன்று மாலையே நோட்டில் எழுதிக் காட்டினாள். 'எனக்கு நானே ஜெபச் சீட்டு எழுதக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் எழுதிப் போடுங்கள். சனிக்கிழமைக்குள்.'

"நானா?" என்றார் அவர்.

அவள் பேனாவால் அவர் நெஞ்சில் ஒரு குத்துக் குத்தினாள்.

சனிக்கிழமை மத்தியானம், எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறையில் உட்கார்ந்துகொண்டு சாப்பாட்டு டப்பாவின் மேல் தாளை வைத்து எழுத ஆரம்பித்தார். வாழ்நாளில் எழுதாத எழுத்து. பேனா மூடியைக் கடித்துத் துப்பினார். இரண்டு வரி எழுதியிருப்பார், போன் அடித்தது. பல் மருத்துவமனை லிஃப்ட் நாலாவது மாடியில் நின்றுவிட்டது, உள்ளே வாயில் பஞ்சோடு ஒரு நோயாளி. அவசர அவசரமாக மீதியை எழுதி, மடித்து, சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஓடினார். போகிற வழியில் சீட்டைச் சபைப் பெட்டியில் போட்டார். போட்டதும் மனது கொஞ்சம் லேசான மாதிரி இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் ஆராதனையில் போதகர், பெட்டிச் சீட்டுகளிலிருந்து தொகுத்த வாராந்திரத் தாளை எடுத்தார். தாளில் இரண்டு பாகம். முதல் பாகம் நன்றி சொல்ல வேண்டியவை, இரண்டாவது கேட்க வேண்டியவை. போதகர் முதல் பாகத்தை வாசித்தார். "பஸ் நிலையத்துல பணி செய்யுற நம்ம சகோதரிக்குத் தொண்டையில இருந்த கட்டி ஆபரேஷன் மூலமா சரியாகிவிட்டதற்காக ஸ்தோத்திரம்!"

சபை முழுக்க ஸ்தோத்திரம் என்று முழங்கியது. கைதட்டல் வேறு. முன்வரிசையில் பாடகர் குழுவை நடத்துகிற மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், கையை உயர்த்தி ஒரு பாட்டையே தொடங்கிவிட்டார். கடைசி பெஞ்சில் இருந்தவருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. வெளியே வந்ததும் பெண்கள் மனைவியைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் பாவம், "இன்னும் இல்ல... இன்னும் இல்ல..." என்று கரகரத்தாள். அந்தக் கரகரப்பே வினையாகப் போயிற்று. "ஐயோ, ஆபரேஷன் பண்ணின தொண்டை! பேசாதீங்கக்கா!" என்று ஆளுக்கு ஒரு பக்கம் வாயைப் பொத்தாத குறை. ஒருத்தி ஆரஞ்சுப் பழமே கொண்டுவந்துவிட்டாள்.

இவர் நேராகச் சபை அலுவலகத்துக்குப் போனார். தாளைத் தட்டச்சு செய்கிற அக்கா கணினியை மூடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கண்ணு தெரியுதா உங்களுக்கு? இன்னும் ஆகாத ஆபரேஷனை ஆயிடுச்சுன்னு அடிச்சிருக்கீங்களே!"

அக்கா கோப்பைத் திறந்து சீட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். அவர் கையெழுத்துதான்.

குறை: மனைவி தொண்டையில் கட்டி. குரல் வரவில்லை.
வேலை: வியாழன் ஆபரேஷன்.
நிலை: சரியாகிவிட்டது.

கீழே கையொப்பம், நேரத்தோடு.

இருபத்திரண்டு வருடமாக லிஃப்டுக்கு லிஃப்ட் எழுதுகிற பழுதுத் தாளை அப்படியே எழுதி வைத்திருந்தார். கை தானாகப் போன போக்கு.

"நான் போன வியாழன்னு நினைச்சேன்," என்றாள் அக்கா. "நீங்க எழுதினதே அதிசயம். அதுல தப்பும் இருக்கும்னு நான் எப்படிக் கண்டேன்?"

"சரி, இப்ப மாத்தி அடிங்க."

"அடுத்த தாள் அடுத்த ஞாயிறுதானே?"

வியாழன் அதற்கு முன்னாலேயே வந்துவிடும். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இருநூறு பேர் இருக்கிற சபை. அவர் மனைவி ஒவ்வொருவருக்காகவும் முழங்காலில் நின்றிருக்கிறாள். இப்போது அவளுக்கு என்று வரும்போது அத்தனை பேரும் நன்றி சொல்லி முடித்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள். அவளுக்காகக் கேட்க ஒருவரும் இல்லை. எப்படிக்கு ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்கு வந்தும் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். மனைவி சத்தமில்லாமல் வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு நோட்டை நீட்டினாள். 'ஜெபத்தால் ஒன்றும் ஆகாது என்பவருக்கு ஏன் இவ்வளவு கோபம்?'

"ஆகாதுன்னு நான் எங்க சொன்னேன்? எனக்குத் தெரியாதுன்னுதான் சொன்னேன்," என்றார் அவர். "லிஃப்டுக்கு ஒரு கம்பியே போதும், தாங்கும். இருந்தாலும் அஞ்சு போடுறோம். எது தாங்குதுன்னு பயணிக்குத் தெரியுமா? எனக்கே தெரியாது. அதுக்காக ஒண்ணைக் கழட்டிடலாமா?"

அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். கண்ணில் பயம் இருந்தது. அவ்வளவு நேரம் சிரிப்புக்குள் ஒளித்து வைத்திருந்த பயம்.

திங்கட்கிழமையிலிருந்து அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒரு லிஃப்டுக்கும் இன்னொரு லிஃப்டுக்கும் நடுவில் கிடைக்கிற அரை மணி நேரத்தில் சபையார் ஒருவர் கதவைத் தட்டுவார். "அது தப்பா வந்துடுச்சுங்க. ஆபரேஷன் இன்னும் ஆகல. வியாழன் காலையில பத்து மணிக்கு. கொஞ்சம் ஜெபம் பண்ணிக்கோங்க" என்பார். சொல்லி முடிப்பதற்குள் காது சிவந்துவிடும். எதிரில் நிற்பவர்கள் முதலில் அவரை மேலும் கீழும் பார்ப்பார்கள். ரொட்டிக் கடைக்காரர் மாவுக் கையை இவர் தலையில் வைத்து அங்கேயே ஜெபிக்கத் தொடங்கிவிட்டார். ஏழெட்டு நிமிடம் ஆகியும் முடிகிற பாடாக இல்லை. "அண்ணே, அடுப்புல ரொட்டி கருகுது" என்று இவர்தான் ஆமென் போட வேண்டியிருந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், "பத்து மணியா? ஆஸ்பத்திரியில எப்பவும் லேட்டாத்தான் ஆரம்பிப்பாங்க. நான் பத்தரைக்கு வச்சுக்கிறேன்" என்றார். தலையில் வெள்ளை வெள்ளையாக மாவோடு அன்று முழுக்க இவர் லிஃப்ட் பார்த்தார்.

போதகர் வீட்டுக்கும் போனார். இவரைவிடப் பத்து வயது சின்னவர். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் தானே போன் பண்ணிச் சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டார். வாசல் வரை வந்த எப்படி திரும்பி நின்றார்.

"பாஸ்டர், நிஜமாச் சொல்லுங்க. ஜெபம் வேலை செய்யுதா?"

போதகர் ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்தார். "எங்கம்மாவுக்கு ஒன்பது மாசம் ஜெபம் பண்ணினேன். இறந்துட்டாங்க. அடக்கம் பண்ணின மறுநாள் காலையில எழுந்து, பழக்கத்துல அவங்க உடம்பு தேறணும்னு ஜெபிக்க ஆரம்பிச்சுட்டேன். பாதியிலதான் ஞாபகம் வந்துச்சு. ஆனா நிறுத்த முடியல. ஆண்டவர்கிட்ட சண்டை போடுறதுக்காவது பேசிட்டே இருந்தேன்."

"இது பதில் இல்லையே."

"இல்லதான். என்கிட்ட இருக்கிறது இவ்வளவுதான்."

எப்படிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. சமாளிக்காமல் பேசுகிறவர்களை அவருக்கு எப்போதும் பிடிக்கும்.

மச்சான்தான் மசியவில்லை. பாட்டுப் பயிற்சி முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர், விஷயத்தைக் கேட்டதும் இரண்டு கையையும் விரித்தார்.

"மாப்பிள்ளை, உங்க விசுவாசம் எங்க யாருக்கும் வராது! கிடைக்கிறதுக்கு முன்னாலயே கிடைச்சாச்சுன்னு எழுதியிருக்கீங்க!"

"அது விசுவாசம் இல்ல மச்சான், பழக்க தோஷம்."

"ஆண்டவர் உங்க கையைப் பிடிச்சு எழுத வச்சிருக்கார். இப்பப் போய் இன்னும் ஆகலைன்னு ஊரெல்லாம் சொன்னா அது அவிசுவாசம். சொன்ன ஸ்தோத்திரத்தை நான் திரும்ப வாங்க மாட்டேன்."

"அப்ப உங்க தங்கச்சிக்காக நீங்க கேட்கவே மாட்டீங்களா?"

மச்சான் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். அதிலேயே உட்கார்ந்தார். சபையிலேயே பெரிய குரல் அவருடையது. அது திடீரென்று சின்னதாகிப்போனது.

"எனக்குப் பயமா இருக்கு மாப்பிள்ளை. கேட்டு, கிடைக்கலைன்னா? அதுக்கப்புறம் நான் எப்படி முன்னால நின்னு பாடுவேன்? நன்றின்னு சொல்லிட்டா அந்தத் தொல்லை இல்ல பாருங்க."

பல வருடமாக மச்சானின் நம்பிக்கையைப் பார்த்து உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தவர் எப்படி. அவருக்கு அந்த நிமிடம் மச்சான் மேல் பாசம் பொங்கி வந்தது. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும்தான் பயமா இருக்கு. கேட்டுத்தான் பாருங்களேன். கிடைக்கலைன்னா ரெண்டு பேரும் சேர்ந்து கோவிச்சுக்கலாம்."

மச்சான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினார்.

வியாழக்கிழமை மனைவியை உள்ளே கூட்டிப் போன பிறகு, எப்படி ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக நின்றார். ஊரையே கேட்க வைத்தாயிற்று, தானும் ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று தோன்றியது. கண்ணை மூடிப் பார்த்தார். சபையில் எல்லோரும் 'நீர்', 'உம்முடைய' என்று சரளமாகப் பேசுவார்கள். 'நீர்' என்று ஆரம்பித்தார். அடுத்த வார்த்தை வரவில்லை. வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்ட மாதிரி கூச்சமாக இருந்தது. விட்டுவிட்டு, ஆஸ்பத்திரி லிஃப்ட் ஏதோ முனகுகிறதே என்று அதைப் போய்க் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். "கட்டியை எடுத்தாச்சு. குரல் எப்படின்னு பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் தெரியும். அதுவரைக்கும் ஒரு சத்தம் கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது. பதினாறாம் நாள் பத்து மணிக்கு இங்க வாங்க, என் முன்னாலதான் வாயைத் திறக்கணும்."

அந்தப் பதினைந்து நாள் வீடு வீடாக இல்லை. குக்கர் சத்தமும் குழாய்ச் சத்தமும்தான் கேட்டது. சாப்பாட்டு மேஜையில்தான் அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. சாப்பிடும் முன் அவள் சத்தமாக ஜெபிப்பாள், அவர் அது முடிகிற வரை தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது கல்யாணமான நாள் முதல் வழக்கம். இப்போது அவள் தலைகுனிந்து வாய் அசையாமல் இருப்பாள். எப்போது முடிகிறது என்று தெரியாமல் இவர் ஓரக்கண்ணால் பார்ப்பார். அவள் கரண்டியை எடுத்தால் முடிந்தது என்று அர்த்தம். பஸ் நிலையத்தில் அவள் இடத்தில் ஒரு சின்னப் பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். நல்ல பெண்தான். ஆனாலும் இவர் பஸ்ஸுக்குப் போகும்போது காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

பதினாறாம் நாள் காலை. எட்டு மணிக்கு மேஜையில் ரொட்டியும் தேநீரும் இருந்தன. அவள் தலையைக் குனியவில்லை. நோட்டை எடுத்து எழுதி அவர் பக்கம் தள்ளினாள்.

'இன்றைக்கு எனக்கு வரவில்லை. நீங்கள் ஜெபியுங்கள்.'

காய்ச்சல் கண்ட ஊருக்கெல்லாம் ஜெபித்தவள், தனக்கு ஒரு வார்த்தை வராமல் உட்கார்ந்திருக்கிறாள். இதற்கு மேல் கூச்சம் பார்க்க முடியாது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டார். தலைமை அலுவலகத்துக்குப் போன் பேசுகிற குரலில், கண்ணை மூடாமலே தொடங்கினார்.

"ஆண்டவரே, நீங்க இருக்கீங்களான்னு எனக்கு இன்னும் தெரியல. இதுக்கு முன்னால நான் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல. நீங்க இருந்தா, இவ பேசணும்."

நிறுத்தினார்.

"இல்லாட்டியும் இவ பேசணும். அவ்வளவுதான்."

"ஆமென்," என்றாள் அவள்.

அவள் கை வாயைப் பொத்தியது. யார் ஜெபித்தாலும் முடிவில் ஆமென் சொல்லிப் பழகிய வாய், டாக்டரை மறந்து சொல்லிவிட்டது. கரகரத்து, தடித்து, நடுவில் உடைந்து வந்தது குரல். பத்தொன்பது வருடம் ஊர் கேட்ட குரல் இல்லை அது. மைக்குக்கு இனி ஆகுமோ ஆகாதோ தெரியாது. ஆனால் காற்று இல்லை, சத்தம். அவளுடைய சத்தம்.

"ஐயோ, பேசிட்டேனே!" என்றாள், பொத்திய கைக்குள்ளிருந்தே. "டாக்டர் திட்டுவாரே!"

அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. கண்ணீர் தேநீரில் விழுவதைக் கவனிக்கவும் இல்லை. மேஜைக்கு மேல் எட்டி அவள் கையை வாயிலிருந்து மெல்ல எடுத்தார்.

"திட்டட்டும். இன்னொரு தடவை சொல்லு."